வெயில் காலத்துப் பனியில் என்ன உடுத்துவது: ஐந்து நாள் குறிப்புகள்

முந்தைய நாள் இரவு

நாளைக் காலை மலைக்குப் புறப்படுகிறோம். அக்கா, அவள் மகள், நான். அக்கா பதினைந்து ஆண்டுகளாகப் பனிச்சறுக்குபவள். பாப்பாவுக்கு ஒன்பது வயது, போன ஆண்டுதான் தொடங்கினாள். நான் மூன்று முறை போயிருக்கிறேன், மூன்றும் நடுக்குளிர் காலத்தில். மைனஸ் பத்து, மைனஸ் பதினைந்து என்று இருக்கும்போது உடுப்பைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. கையில் கிடைப்பதையெல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பலாம். இந்த முறை ஏப்ரல்.

அடிவாரத்தில் 12 டிகிரி, உச்சியில் 3 டிகிரி என்கிறது முன்னறிவிப்பு. அடிவாரம் 1,500 மீட்டர், உச்சி 2,900. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. 12-க்கு உடுத்தினால் மேலே குளிரும், 3-க்கு உடுத்தினால் கீழே புழுங்கும். கட்டில் முழுக்கத் துணியைப் பரப்பி வைத்துவிட்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியில் பஞ்சு வைத்த தடித்த ஜாக்கெட்டைப் பைக்குள் வைத்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள். "அது வேணாம்டா. வேர்த்து ஊத்தும்."

"மேல பனி கிடக்குதே அக்கா."

"பனி கீழதானே கிடக்கு. வெயில் மேல அடிக்குமே."

இருந்தாலும் எடுத்துக்கொண்டேன். பனி என்றால் குளிர் என்று மனதில் படிந்துபோனதை ஒரு ராத்திரியில் மாற்ற முடியவில்லை.

நாள் 1

காலை எட்டரைக்கு உச்சியில் நிற்கும்போது என் முடிவு சரி என்றுதான் பட்டது. மைனஸ் 2 டிகிரி. ராத்திரி உறைந்த பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது, காலில் மாட்டிய ஸ்கீப் பலகை அதன்மேல் கரகரவென்று கத்தியது. உள்ளே தடித்த தெர்மல் உள்ளாடை, அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, அதற்கு மேல் அந்தப் பஞ்சு ஜாக்கெட், காலில் பஞ்சு வைத்த பேன்ட். கதகதப்பாக இருந்தது.

பத்து மணிக்கு ஃப்ளீஸின் ஜிப்பைத் திறந்தேன். பத்தரைக்கு ஜாக்கெட்டின் ஜிப்பையும். பதினொன்றுக்கு முதுகில் ஒரு கோடு போல வியர்வை இறங்குவது தெரிந்தது. அதற்குப் பிறகு திறந்து என்ன பயன்? உள்ளே எல்லாம் நனைந்துவிட்டது.

ஆனால் நான் எழுத வந்தது வியர்வையைப் பற்றி இல்லை, அதற்கு அடுத்து நடந்ததைப் பற்றி. பதினொன்றே முக்காலுக்கு, மலைமேல் தூக்கிப் போகும் தொங்கு நாற்காலியான சேர்லிஃப்டில் ஏறினேன். அந்த லிஃப்ட் மலையின் நிழல் பக்கமாகப் போகிறது, எதிர்க்காற்று வேறு. அசையாமல் உட்கார்ந்தபடி பத்து நிமிடம். நனைந்த தெர்மல் முதுகில் ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டது. இரண்டாவது நிமிடத்தில் தோள் நடுங்கத் தொடங்கி, மேலே இறங்கும்போது பல் கிட்டியது. ஜனவரியில் மைனஸ் பதினைந்தில்கூட நான் அப்படி நடுங்கியதில்லை. இன்று அந்த நேரத்தில் வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல்.

காரணம் எளிது, நான்தான் இதுவரை யோசித்ததில்லை. துணி நமக்குச் சூடு தருவதில்லை. துணியின் இழைகளுக்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அந்தக் காற்று இருந்த இடத்தில் வியர்வை புகுந்துவிட்டால் கதை மாறிவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதோடு, ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டுமென்றால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். சறுக்கும்போது உடம்பு அந்த வெப்பத்தைச் செலவழிக்கத் தயாராக இருக்கும், அதற்காகத்தானே வேர்க்கிறது. லிஃப்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வெப்பம் ஊறுவது குறைந்துவிடும், ஆவியாதல் மட்டும் நிற்காது. அந்தப் பற்றாக்குறைதான் நடுக்கம்.

ஒரு மணிக்கு நான் நிறுத்திக்கொண்டேன். அக்காவும் பாப்பாவும் இரண்டரை வரை சறுக்கினார்கள்.

அறைக்கு வந்து தெர்மலின் மணிக்கட்டுப் பட்டையைப் பிழிந்து பார்த்தேன். தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டுகூட வெளியே இருந்து வந்ததில்லை. மழையும் இல்லை, நான் ஒரு முறைகூட விழவும் இல்லை. அத்தனையும் என் உடம்பிலிருந்து வந்தது.

நாள் 2

நேற்று ராத்திரியே அக்காவிடம் கேட்டுவிட்டேன், நாளைக்கு என்ன போட்டுக்கொள்ள என்று. அவள் என் பையைக் கவிழ்த்து, கூடவே தன் பையிலிருந்தும் இரண்டு துணியை எடுத்து வைத்தாள். பஞ்சு ஜாக்கெட்டை மடித்து அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டாள்.

"கீழ நிக்கறப்ப லேசா குளிரணும்டா. முதல் அஞ்சு நிமிஷம் கதகதப்பா இருந்துச்சுன்னா கூடுதலா போட்டிருக்கேன்னு அர்த்தம்."

இன்று போட்டுக்கொண்டது இவ்வளவுதான். உடம்பை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டை. அதற்கு மேல், காற்றையும் மழையையும் மட்டும் தடுக்கும், பஞ்சோ உட்துணியோ இல்லாத வெறும் ஷெல் ஜாக்கெட். காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் மெல்லிய தெர்மல், அதன்மேல் ஷெல் பேன்ட். முதுகில் ஒரு சின்னப் பை, அதற்குள் மெல்லிய ஃப்ளீஸ் ஒன்று, மாற்றுக் கையுறை ஒரு ஜோடி. எட்டரைக்கு லிஃப்ட் வரிசையில் நிற்கும்போது குளிர்ந்தது. ஃப்ளீஸை எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று இரண்டு முறை கை பைக்குப் போனது. அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். முதல் சறுக்கு முடிந்து கீழே வந்தபோது குளிர் போயிருந்தது.

மெரினோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பளி என்றதும் கனமான, உறுத்துகிற ஸ்வெட்டர்தான் நினைவுக்கு வரும். மெரினோ ஆட்டின் மயிர் அப்படியில்லை. நம் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான், அதனால் உறுத்துவதில்லை. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாகவே இழைக்குள் வாங்கிக்கொண்டும் தோலில் ஈரமாகப் படாது. பாலியஸ்டர் இதற்கு நேர் எதிர். இழைக்குள் எதையும் வாங்காது, அதனால் மெரினோவைவிடச் சீக்கிரம் உலரும், ஆனால் இரண்டாம் நாளே நாறத் தொடங்கும். கொட்டுகிற வியர்வைக்காரர்களுக்குப் பாலியஸ்டர் நல்லது, விட்டுவிட்டு வேர்ப்பவர்களுக்கு மெரினோ. நான் மெரினோ பக்கம். இரண்டில் எதுவானாலும் மெல்லியதாக இருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 150 கிராம் என்று போட்டிருக்கும் சட்டை இந்தக் காலத்துக்குப் போதும். நேற்று நான் போட்டிருந்தது 250.

பருத்தி பனியன் மட்டும் வேண்டவே வேண்டாம். பருத்தி ஈரத்தை வாங்கிக்கொண்டு விடாது. மலையில் ஒரு முறை நனைந்தால் அன்று முழுக்க நனைந்ததுதான்.

இளவேனில் பனிக்கு ஒரு கடிகாரம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் உடுப்புக் கணக்கு பாதி தீர்ந்துவிடும். ராத்திரி வானம் தெளிந்திருந்தால் பனியின் மேற்பரப்பு சூட்டை வெளியே விட்டு இறுக உறைந்துவிடும். காலை ஒன்பது மணி வரை அது பாறை. அப்புறம் வெயில் ஏற ஏற மேலே ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகி, கல்லுப்பு போல மணி மணியாக உதிரும். அதுதான் இந்தக் காலத்தின் சுகம், ஸ்கீ வெண்ணெயில் போவது போலப் போகும். முதலில் கிழக்குச் சரிவு இளகும், பிறகு தெற்கு, மதியம் மேற்கு. வெயிலைத் துரத்திக்கொண்டு சரிவு மாற்றிக்கொண்டே போனால் அந்த நல்ல பனியில் மூன்று மணி நேரமாவது கிடைக்கும். ஒரு மணிக்கு மேல் அடிவாரப் பக்கம் கூழாகிவிடும். ஸ்கீ இழுக்கும், கால் தசை இரு மடங்கு உழைக்கும், வியர்வையும் அதற்கேற்ப வரும். ஆக ஒரே நாளில் மூன்று பருவம். எந்த ஒரு ஜாக்கெட்டும் மூன்றுக்கும் பொருந்தாது. திறந்து மூடக்கூடிய ஜாக்கெட் பொருந்தும்.

அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லிஃப்டில் உட்காரும் முன் கழுத்து ஜிப்பைத் தாடை வரை இழுத்துவிடுகிறாள். மேலே இறங்கி, ஸ்கீக் கம்பின் வாரை மணிக்கட்டில் மாட்டும் முன், கழுத்து ஜிப்பைப் பாதி இறக்கி, இரண்டு அக்குள் ஜிப்பையும் திறந்து, தொடைப் பக்கத்து ஜிப்பையும் முழங்கால் வரை இறக்குகிறாள். மொத்தம் பத்து வினாடி ஆகாது. அடுத்த முறை லிஃப்ட் வரிசையில் எல்லாவற்றையும் மூடுகிறாள். நாள் முழுக்க ஒவ்வொரு சுற்றுக்கும் இதே. லிஃப்ட் வினாடிக்கு 5 மீட்டர் போனால், காற்றே வீசாத நாளிலும் முகத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்துக் காற்று அடிக்கும். உண்மையாகவே காற்று வீசினால் சொல்லவே வேண்டாம், 0 டிகிரியில் 40 கிலோமீட்டர் காற்று மைனஸ் 7 போல உறைக்கும். அதைத் தடுக்கப் பஞ்சு தேவையில்லை. காற்றை நிறுத்தும் ஒரு மெல்லிய துணியும், அதற்குள் உலர்ந்த சட்டையும் இருந்தால் போதும்.

பாப்பாவிடம் ஒன்று கவனித்தேன். குழந்தைகளுக்குப் புழுக்கம் எடுத்தாலும் சொல்லத் தெரிவதில்லை, சோர்ந்துபோய் "போதும் மாமா" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நேற்றும் பதினொரு மணிக்கு அப்படித்தான் உட்கார்ந்தாள், பசி என்று நினைத்தோம். இன்று ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் பிடரியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தால் ஒரு துணியைக் கழற்ற வேண்டும். உலர்ந்து இளஞ்சூடாக இருந்தால் சரி. கை குளிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, குழந்தையின் கை எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும். ஒருமுறை பிடரி நனைந்திருந்தது, ஃப்ளீஸைக் கழற்றினோம். பத்து நிமிடத்தில் பழைய ஆளாகிவிட்டாள். தொங்கும் மப்ளரும் அவளுக்குக் கிடையாது. லிஃப்டில் சிக்கினால் ஆபத்து. தலைவழியாக மாட்டும் கழுத்துக் குழல்தான் பாதுகாப்பு.

மதியம் ஒரு காட்சி மனதைச் சங்கடப்படுத்தியது. வெயிலுக்குக் கைவைக்காத பனியனோடு ஒரு இளைஞன் வேகமாக வந்து எங்களுக்குக் கீழே விழுந்தான், பக்கவாட்டில் பத்து மீட்டர் சறுக்கிப் போனான். நான் சொன்னேனே கல்லுப்பு என்று, அந்தப் பனி மணிகள் அவன் முழங்கையிலிருந்து தோள் வரை உப்புத்தாள் தேய்த்தது போலத் தோலை உரித்துவிட்டன. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பனிமேல் விழுந்த அந்தச் சிவப்பைப் பாப்பாவும் பார்த்தாள். எவ்வளவு வெயிலானாலும் முழுக்கையும் கையுறையும் கட்டாயம். புழுங்கினால் மெல்லிய துணிக்கு மாறலாம், தோலைத் திறந்து போடக் கூடாது.

நான் இன்று இரண்டரை வரை சறுக்கினேன். சட்டை முதுகில் லேசாக ஈரம், அவ்வளவுதான்.

நாள் 3

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், அதற்கு இன்று காலை விலை கொடுத்தேன். கழுத்து ஜிப்பைத் திறந்து வைத்தேன் அல்லவா, அந்த முக்கோணம் அப்படியே சிவந்து எரிகிறது. அதைவிட, மூக்குத் துவாரத்தின் அடியிலும் தாடைக்குக் கீழேயும் எரிகிறது. வெயில் படாத இடம் அது என்று சன்ஸ்கிரீன் தடவவில்லை.

பனியில் வெயில் கீழேயிருந்தும் வரும். புதிய பனி, தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஜனவரியில் சூரியன் தாழ இருக்கும், முகம் முழுக்க மூடியிருக்கும், அதனால் தெரியவில்லை. ஏப்ரலில் சூரியன் உச்சியில், நாமோ புழுக்கத்துக்குத் திறந்துபோட்டபடி. சன்ஸ்கிரீனையும் உடுப்பில் ஒன்றாகவே எண்ண வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். SPF எண் 50 உள்ளது, மூக்கின் அடி, தாடையின் அடி, காதின் பின்புறம், உதடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. கழுத்துக்கு ஒரு மெல்லிய துணிக் குழல். கம்பளிக் குழல் இந்த வெயிலுக்கு ஆகாது.

கண்ணுக்கும் இதேதான். கண்ணை முழுக்க மூடும் குளிர்காலத்துக் காகிள்ஸின் மஞ்சள் கண்ணாடி மங்கலான நாளுக்கானது. வெயில் நாளுக்கு மூன்றாம் வகைக் கண்ணாடி வேண்டும், வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் மட்டும் உள்ளே விடுவது. அக்கா வெறும் கூலிங் கிளாஸோடு சறுக்குகிறாள், பக்கவாட்டை மூடிய வளைந்த சட்டம். புழுக்கத்துக்கு அது நல்லது, காகிள்ஸ் போல ஆவி படியாது. ஆனால் வேகமாகப் போனால் ஓரத்தில் காற்று புகுந்து எனக்குக் கண்ணீர் வருகிறது, அதனால் காகிள்ஸோடுதான் இருக்கிறேன். லிஃப்டில் அதை நெற்றிக்கு ஏற்றிவிடும் பழக்கத்தை மட்டும் நிறுத்தியாகிவிட்டது. நெற்றியின் வியர்வை ஆவிதான் கண்ணாடியை மங்கச் செய்வது. இருண்ட கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் முழுக்கப் பனி வெயிலில் இருந்தால், கண்ணின் மேல்தோல் வெந்துவிடும். வலி உடனே தெரியாது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து, படுத்த பிறகு, கண்ணில் மணல் கொட்டியது போல அரிக்கத் தொடங்கும்.

ஹெல்மெட்டுக்குள் போட்டிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றினேன். ஹெல்மெட்டின் மேலே காற்றுத் துளைகளைத் திறந்து மூட ஒரு தாழ் இருக்கிறது, மூன்று பயணத்தில் அதை நான் தொட்டதே இல்லை. திறந்தேன். வெயில் காலத்தில் ஜாக்கெட்டில் செய்கிற எந்த மாற்றத்தையும்விட இந்தச் சின்னத் தாழ் கூடுதல் நிம்மதி தந்தது.

கால் பற்றி ஒரு வரி. சாக்ஸ் ஒன்றுதான், மெல்லியதுதான், முழங்கால் வரை நீளமானதுதான். தெர்மல், ஸ்கீ பூட்ஸுக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும். பூட்ஸுக்குள் துணி மடிந்தால் அந்த மடிப்பு மதியத்துக்குள் முழங்காலுக்குக் கீழ் எலும்பில் கத்தி போல் அழுத்தும்.

நாள் 4

காலையில் திரையை விலக்கினால் மலையையே காணோம். அடிவாரத்தில் மழை, மேலே போகப் போக ஈரப்பனி. 2 டிகிரி. ஜனவரியின் பனி உதறினால் தூசி போல உதிர்ந்துவிடும். இது தோளில் விழுந்ததுமே தண்ணீராகிறது.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான்கு நாளில் உடுப்பைப் பற்றி அதிகம் கற்றுக்கொண்டது இன்றுதான், அதுவும் இரண்டரை மணி நேரத்தில்.

என் ஷெல் ஜாக்கெட்டும் அக்காவின் ஷெல் ஜாக்கெட்டும் ஒரே அளவு மழை தாங்குபவை, துணிப்பட்டையில் 20,000 என்று போட்டிருக்கிறது. அந்த எண்ணுக்குப் பொருள் இதுதான்: துணியின்மேல் 20,000 மில்லிமீட்டர், அதாவது 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் அது கசியாது. அவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். நனைந்த லிஃப்ட் இருக்கையில் முழு எடையோடு உட்காரும்போதும், பையின் வார் தோளை அழுத்தும்போதும் தண்ணீர் துணிக்குள் தள்ளப்படும். பேன்டின் பின்பக்கத்துக்கு நல்ல எண் வேண்டும், மார்புக்கு அவ்வளவு தேவையில்லை. மலிவான பேன்டும் விலையுயர்ந்த ஜாக்கெட்டும் வாங்குபவர்கள் இந்தக் காலத்தில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பேன்.

ஒரே எண் இருந்தும் ஒரு மணி நேரத்தில் அக்கா உலர்ந்திருந்தாள், எனக்கு உள்ளே சில்லென்றது. என் ஜாக்கெட்டின் தோளைப் பார்த்தேன். அவள் தோளில் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டு ஓடியது. என் தோளில் துணி கறுத்து, தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடந்தது. கசியவில்லை. அப்புறம் ஏன் சில்லென்றது?

ஜாக்கெட்டின் மழைத்தடுப்பு ஒரே அடுக்கு இல்லை, இரண்டு. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு. 1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது, அது அறுந்துபோகாமல் நுண்துளைகள் நிறைந்த சவ்வாக நீண்டது. தண்ணீர்த் துளி நுழைய முடியாத, ஆவி வெளியேற முடிகிற துளைகள். அந்த வழியில் வந்தவைதான் இன்றைக்கு இருக்கும் மழை ஜாக்கெட்டுகளில் பல. இந்தச் சவ்வுக்கு வெளியே இருக்கும் துணியில் தண்ணீர் ஒட்டாத பூச்சு ஒன்று இருக்கும். அதுதான் இரண்டாவது தடுப்பு. அழுக்கும் உடம்பு எண்ணெயும் படிந்தால் அந்தப் பூச்சு வேலை செய்யாது. அப்போது வெளித்துணி தண்ணீரைக் குடித்துவிடும். சவ்வு இன்னும் மழையை நிறுத்தும், ஆனால் உள்ளே இருக்கும் வியர்வை ஆவி வெளியேற வழியில்லை. என்னை நனைத்தது இன்றும் நானேதான். முதல் நாள் கதை, வேறு வாசல் வழியாக.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஆவி வெளியேறுவது உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் ஈரப்பத வித்தியாசத்தால். குளிர்ந்த உலர்ந்த ஜனவரிக் காற்றில் அந்த வித்தியாசம் பெரிது, சவ்வு நன்றாக வேலை செய்யும். ஈரம் நிறைந்த இளவேனில் காற்றில் வித்தியாசம் சிறிது, எவ்வளவு உயர்ந்த சவ்வானாலும் திணறும். துணிப்பட்டையில் "மூச்சு விடும்" எண்ணைப் பார்த்து வாங்குவதைவிட அக்குள் ஜிப் எவ்வளவு நீளம் என்று பார்த்து வாங்குங்கள். மழையில்கூட அக்குளைத் திறந்து வைக்கலாம், அங்கே தண்ணீர் போகாது.

கையுறையும் பாடம் நடத்தியது. பத்தரைக்கு முதல் ஜோடி தொப்பலாகிவிட்டது. பையிலிருந்த மாற்று ஜோடியைப் போட்டபோது விரல்களுக்குள் உயிர் திரும்பியது. ஈரப்பனிக்கு மெல்லிய தோல் கையுறை இரண்டு ஜோடி, தடித்த கையுறை ஒரு ஜோடியைவிட மேல். நனைந்த ஜோடியைப் பைக்குள் திணிக்காமல் ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டால் பாதியாவது உலரும் என்றாள் அக்கா. செய்து பார்த்தேன். உலர்ந்தது, ஆனால் வயிறு சில்லிட்டது. நான் பையின் பக்கம்.

பதினொன்றுக்குத் திரும்பிவிட்டோம். மதியம் முழுக்க உலர்த்தும் வேலை. பூட்ஸின் உள்பஞ்சுக் காலுறையை வெளியே எடுத்து, அதன் அடித்தகட்டையும் உருவி, தனித்தனியாக வைத்தோம். ஹீட்டரின்மேல் அல்ல, எதிரே, கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும் தூரத்தில். என் ஜாக்கெட்டைத் துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் இளஞ்சூட்டில் இருபது நிமிடம் போட்டாள் அக்கா. அந்தச் சூடு பூச்சைத் திரும்ப எழுப்பும் என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை. எடுத்து வந்து குளியலறைக் குழாயடியில் தோளைக் காட்டினேன். தண்ணீர் உருண்டு ஓடியது. இரண்டு, மூன்று இடத்தில் மட்டும் இன்னும் பிடித்துக்கொள்கிறது, பையின் வார் தேய்த்த இடங்கள். அங்கே புதிதாகப் பூச்சு தெளிக்க வேண்டும்.

நாள் 5

ராத்திரி மேகம் கலைந்து, விடியலில் மைனஸ் 4. நேற்றைய ஈரமெல்லாம் இறுகி, ஒன்பதரை வரை மலை முழுக்கப் பாறை. நாங்கள் அவசரப்படாமல் ஒன்பதே முக்காலுக்குத்தான் முதல் லிஃப்ட் ஏறினோம். இரண்டாம் நாள் போட்ட அதே உடுப்பு, கூடவே கழுத்துக்கு மெல்லிய குழல். அடிவாரத்தில் நிற்கும்போது குளிர்ந்தது. ஃப்ளீஸ் பையிலேயே இருந்தது, நான் கை வைக்கவில்லை.

பத்தே காலுக்குக் கிழக்குச் சரிவு இளகியது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் உடுப்பை மறந்துவிடுவேன். பதினொன்றே காலுக்குத் தெற்குச் சரிவுக்கு மாறினோம். நடுவே ஒரு மேகம் கடந்தபோது இரண்டு சுற்று ஃப்ளீஸ் போட்டுக் கழற்றினேன், நின்று பையைத் திறந்து மூட ஒரு நிமிடம் ஆயிற்று. சோம்பலில் அந்த ஒரு நிமிடத்தைத் தவிர்த்துத்தான் முதல் நாள் முழுவதையும் இழந்தேன் என்று இப்போது தெரிகிறது.

பன்னிரண்டரைக்கு மேற்குச் சரிவு. கைகள் தாமாகவே போகின்றன, மேலே இறங்கினால் கழுத்து, அக்குள், தொடை. கீழே வந்தால் தொடை, அக்குள், கழுத்து. கடைசிச் சுற்றுக்கு வரிசையில் நிற்கும்போது அக்காவிடம் அடுத்த ஆண்டு மார்ச்சா ஏப்ரலா என்று பேசிக்கொண்டிருந்தேன். ஜாக்கெட்டின் கீழ் விளிம்பை யாரோ இழுத்தார்கள்.

"மாமா, அக்குள் திறந்திருக்கு. லிஃப்ட் வருது, மூடிக்கோங்க."

தன்னுடையதை அவள் முன்னமே தாடை வரை இழுத்துவிட்டிருந்தாள்.